15,000 ரூபாயில் ஒரு கூடம்: பழைய சாமானை எங்கே வாங்குவது?

தை பிறந்ததும் மதுரை திருநகரில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடிக்குக் குடிவந்தோம். கூடம் 12 அடிக்கு 10 அடி. மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று, பால்கனிக்குப் போகும் கதவு ஒன்று. எங்களோடு வந்தவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கோரைப்பாய், டிவி, ஆறு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம். அட்வான்ஸ் கொடுத்து, வண்டிக்குக் கொடுத்து, பால் காய்ச்சி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்ட பிறகு, கூடத்துக்கென்று ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய்.

அந்தத் தொகைக்குப் புதுச் சாமான் என்ன கிடைக்கும் என்று முதலில் விசாரித்தோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஒரு டிவி ஸ்டாண்டும் புத்தக அலமாரியும் 11,000 சொன்னார்கள். சோபா என்றால் தவணையில்தான். அந்த அழுத்திய பலகையை நான் ஒரேயடியாகக் குறை சொல்லமாட்டேன். ஈரம் படாமல், நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்தால் பல வருஷம் உழைக்கும். ஆனால் எங்களைப் போல வாடகைக்கு இருக்கிறவர்கள் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும், மரத்தூள் மறுபடி ஸ்க்ரூவைப் பிடிக்காது. தரை துடைக்கும் தண்ணீர் அடியில் ஏறினால் ஓரம் உப்பி மேல்தாள் உரிந்து வரும். விற்கப் போனால் கேட்க ஆளில்லை. பழைய தேக்குச் சாமான் அப்படியில்லை. நன்றாக வைத்திருந்தால், வாங்கின விலைக்குக் கிட்டத்தட்ட திரும்பப் போகும்.

சரி, பழசுதான் என்று முடிவாயிற்று. ஆனால் எங்கே போய் வாங்குவது? மதுரையில் இருக்கிறவர்களுக்குக் கைக்கெட்டும் வழிகள் ஐந்து: சொந்தக்காரர் வீட்டுப் பரண், காயலான் கடை, இடித்த வீட்டுச் சாமான் போடும் கிடங்கு, செல்போனில் வரும் விற்பனை விளம்பரம், அப்புறம் காரைக்குடி. ஐந்தையும் பார்த்துவிட்டேன். ஐந்தையும் ஒரே கோலால்தான் அளந்தேன். அது கடையில் சொல்லும் விலை அல்ல, பொருள் நம் கூடத்துக்கு வந்து நின்ற விலை.

இதை நான் கற்றுக்கொண்டது நாலு வருஷத்துக்கு முன், பழங்காநத்தத்தில் இருந்தபோது. ஒரு கிடங்கில் செதுக்கு வேலை செய்த ஒற்றைக் கதவு ஒன்றைப் பார்த்தேன். தேக்கு என்றார்கள், 3,000 ரூபாய். படுக்கப் போட்டு நாலு கால் வைத்தால் சாப்பாட்டு மேசையாகிவிடும் என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டிக்கு 900. மாடியேற்ற இரண்டு பேருக்கு 600. வீட்டில் வைத்துப் பார்த்தால், கதவின் நடுப்பலகைகள் சட்டத்தைவிட முக்கால் அங்குலம் உள்வாங்கியிருந்தன. தட்டு வைத்தால் சாய்ந்தது. மேலே கண்ணாடி போட 2,700. இரும்புக் கால் பற்றவைக்க 1,800. பழைய பெயிண்டைச் சுரண்டிப் பாலிஷ் போட 1,500. மொத்தம் 10,500. அந்த அளவில் நாற்காலியோடு சேர்த்துப் புது மேசையே அன்றைக்கு 9,000 ரூபாய்க்கு இருந்தது. பெயிண்டைச் சுரண்டிய ஆசாரி, சட்டம்தான் தேக்கு, நடுப்பலகை வேறு மரம் என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வரும்போது அது மாடிப்படி வளைவில் திரும்பவே இல்லை. நாத்தனார் வீட்டில் நிற்கிறது.

அதனால் இப்போது எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஐந்து தொகையைக் கூட்டிக்கொள்கிறேன்: விலை, வண்டி, தூக்குக் கூலி, ரிப்பேர், அதைப் பயன்படுத்த இன்னும் என்ன வாங்க வேண்டும் என்பது. ஒரு டேப்பையும் பையிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் மாடிப்படி இரண்டரை அடி அகலம். அதில் ஏறாத பொருளுக்கு விலை கேட்பதே வீண்.

பரண்

முதலில் போக வேண்டிய இடம் இதுதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லார் வீட்டிலும் பரணைக் காலி செய்வார்கள். அந்த வாரம் ஒரு நடை போய்விட்டு வந்தால் போதும். நான் சோழவந்தானில் அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பித்தளைத் தவலை, இரண்டு முறுக்கு உரல், அடியில் ஓட்டை விழுந்த அண்டா.

"எடுத்துட்டுப் போ ஆத்தா, இங்க எலிதான் அதுல குடியிருக்கு" என்றார் மாமா.

மாமா சொல்லிவிட்டார் என்று உடனே தூக்கிக்கொண்டு வரவில்லை. பரண் சாமானுக்குக் காசு கிடையாது, ஆனால் கேட்காமல் எடுத்தால் அது பல வருஷத்துப் பேச்சாகிவிடும். பெரியம்மா, சித்தி, அம்மா மூன்று பேருக்கும் போன் போட்டேன். சித்தி மட்டும், "தவலை எங்க அம்மா பேரு வெட்டினது. வச்சுக்க, ஆனா எடைக்குப் போட்டுறாத" என்றாள். வீட்டுக்கு வந்து புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் பச்சைக் களிம்பு போய், கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது: அம்மாச்சியின் பேர், பக்கத்தில் 1961. வெட்டியவர் இடத்தைச் சரியாகக் கணிக்கவில்லை போலிருக்கிறது, கடைசி எழுத்து நெருங்கிச் சின்னதாக இருக்கிறது. விரலை வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படுகிறது. கூடத்தில் வாசலுக்கு நேரே வைத்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

பித்தளையைத் தேய்த்துக் கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் மறுநாளே திட்டுத் திட்டாகக் கறுக்கும். அழகுக்கு மட்டும் வைப்பதென்றால் ஈயம் பூச வேண்டியதில்லை. புளி சேர்த்துச் சமைப்பதென்றால் பூசித்தான் ஆக வேண்டும்.

டிரங்குப் பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கரும்பச்சை எனாமல் பெயிண்ட் அடித்தேன். சாமான் செலவு 280. சோழவந்தானிலிருந்து பஸ் லக்கேஜ், பெரியார் நிலையத்திலிருந்து ஆட்டோ சேர்த்து 350. ஆக 630 ரூபாயில் ஒரு டீப்பாயும், உள்ளே கம்பளி வைக்க இடமும், ஒரு தவலையும். வேறு எந்த வழியிலும் இந்தக் கணக்கு வராது. ஆனால் என்ன கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. எல்லாருக்கும் பரண் வைத்த வீடு ஊரில் இருப்பதுமில்லை.

இடித்த வீட்டுச் சாமான் கிடங்கு

ஒரே ஒரு வழியைத்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதை. கதவில் பட்ட அடிக்குப் பிறகும்தான் சொல்கிறேன். அன்றைக்குத் தப்பு கிடங்கில் இல்லை. கதவைக் கதவாக வாங்கினால் மலிவு, மேசையாக மாற்ற நினைத்ததில்தான் காசு கரைந்தது.

ஊர் முடிகிற சாலையோரங்களில் தகரக் கொட்டகை போட்டு, நிலை, கதவு, ஜன்னல், உத்தரம், கம்பி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லார் கண்ணும் செதுக்குக் கதவுக்குத்தான் போகும். நீங்கள் பின்பக்கம் போய்ப் பலகைக் குவியலைப் பாருங்கள். பழைய அலமாரித் தட்டு, மச்சுப் பலகை, உடைத்த பெட்டி எல்லாம் அங்கே கிடக்கும். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த மரம். இனி அது லேசில் வளையாது. புது மரத்தில் இது கிடைக்காது.

மரத்தைப் பார்க்கும் முறையை எங்கள் ஆசாரி எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பெயிண்ட் அடித்த பலகையை வெளிப்பக்கம் பார்த்து நம்பக் கூடாது. ஓரத்தில் சாவியால் சுரண்ட வேண்டும். தேக்கு என்றால் பொன்னும் பழுப்பும் கலந்து தெரியும், முகர்ந்தால் தோல் செருப்பு போல எண்ணெய் கலந்த வாசம் வரும். ஒரே பலகையில் ஓரம் மட்டும் வெளிறி இருந்தால் அது வெண்மரம், பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். நடுவில் இருக்கிற வைரம் பாய்ந்த பகுதியை அவ்வளவு லேசில் தொடாது. அடுத்து, பலகையைச் செங்குத்தாகத் தூக்கித் தரையில் இரண்டு தட்டு. குண்டூசித் தலை அளவு துளைகளிலிருந்து மாவு மாதிரித் தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே உளு உயிரோடு இருக்கிறது, விட்டுவிட வேண்டும். துளை கறுத்து, தூளே வராவிட்டால் அது பழைய கதை, வாங்கலாம். மண் கோடு ஓடியிருந்தாலோ தட்டினால் பொத்தென்று கேட்டாலோ கரையான். கடைசியாகக் காந்தம். பழைய பலகைக்குள் தலை முறிந்த ஆணி புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இழைப்புளி அதில் பட்டால் பல் போய்விடும், ஆசாரி கூலியைக் கூட்டிக் கேட்பார், கேட்பதில் நியாயமும் உண்டு. அதனால் ஒரு சின்னக் காந்தத்தைப் பலகை முழுவதும் ஓட்டிப் பார்த்து, ஆணி இருக்கிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டால் வேலை சுலபம்.

மரத்தைக் கன அடிக் கணக்கில் பேசுவார்கள். இந்தக் கணக்கு தெரியாமல் போகாதீர்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். நான் எடுத்த பலகை 6 அடி நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். பெருக்கினால் 54, வகுத்தால் 0.375 கன அடி. ஐந்து பலகைக்கு 1.875.

"மொத்தமா 4,000 குடுங்கக்கா" என்றார் கிடங்குக்காரர்.

"கன அடி என்ன போடுறீங்கண்ணே?"

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "1,800."

பேசிப் பேசி 1,500-க்கு வந்தார். 2,812 ஆகும், 2,800 கொடுத்தேன். கணக்கைச் சொல்லிக் கேட்டதில் அவருக்குக் கோபம் இல்லை. அதற்குப் பிறகுதான், "அங்கிட்டு நனையாத பலகை கெடக்கு, அதைப் பாருங்க" என்று உள்ளே கூட்டிப் போனார்.

இரண்டு பலகை பக்கச் சட்டம். மூன்று பலகையைப் பாதியாக அறுத்தால் மூன்றடியில் ஆறு தட்டு. ஆறடி உயரத்தில் புத்தக அலமாரி. சுவரில் ஆணி அடிக்க வீட்டு ஓனர் விடமாட்டார் என்பதால் தானே நிற்கிற மாதிரி அடியில் கொஞ்சம் அகலம் வைக்கச் சொன்னேன். வண்டி 500, ஆசாரிக்கு இரண்டு நாள் கூலியும் சாமானும் 2,200. வந்து நின்ற விலை 5,500. அழுத்திய பலகையில் இதே அளவு அலமாரிக்கு 6,000 கேட்டார்கள். வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் இது கூட வரும்.

கிடங்கில் அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் ரொம்ப மலிவாகக் கொடுக்கிறார்கள். செடி வைக்க அழகாக இருக்கும். தரைத்தளத்தில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். மாடிக்கு வேண்டாம். ஏற்றும் கூலி கல்லின் விலையைத் தாண்டும்.

காயலான் கடையும் காரைக்குடியும்

இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். ஏனென்றால் ஒரே பொருள் இரண்டு இடத்திலும் இருக்கும், விலை மட்டும் வேறு.

காயலான் கடையில் எல்லாம் எடைக்கு. பொருள் அழகா, பழசா என்பது அங்கே கணக்கில் வராது. நான் போன கடையில் பித்தளை கிலோ 600 என்றார்கள். முதலில் என் கை ஒரு குட்டி உரலுக்குத்தான் போனது. தராசில் வைத்தால் மூன்றரைக் கிலோ, 2,100 ரூபாய். வைத்துவிட்டேன். எடைக்கு விற்கிற இடத்தில் உருவம் பெரிதாகவும் தகடு லேசாகவும் உள்ளதை எடுக்க வேண்டும்: கூஜா, தூக்குவாளி, படி, வெற்றிலைப் பெட்டி. உருப்படிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் இடத்தில்தான் கனமான உரலும் அடுக்கும். 900 கிராமில் ஒரு கூஜா, அரைக் கிலோவில் ஒரு அரைப்படி, இரண்டும் 840. செடி வைக்க இரும்பு ஸ்டாண்டு ஒன்று, ஆறு கிலோ, கிலோ 45, ஆக 270. ஒரே நடையில் 1,110 ரூபாயோடு முடிந்தது. கையில் தூக்கிக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன், வண்டி வாடகையும் இல்லை.

அங்கேயும் காந்தம் வேண்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. சுண்டினால் மணி போல நீளமாகக் கேட்பது வெண்கலம், அதற்கு விலை கூட.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு வேறு உலகம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இந்தப் பக்கத்து வணிகர்களான நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்ததைக் கொண்டு வந்து பர்மாத் தேக்கிலும் ஐரோப்பியக் கண்ணாடியிலும் கட்டிய வீடுகள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரும்படி நின்றது. அப்புறம் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகிப் பெருகி, பராமரிக்க முடியாமல் இடித்ததில் வந்த சாமான்கள்தான் இந்தத் தெருவின் மூலதனம். ஒரு தூணைத் தடவிப் பார்க்கும்போது, அது எத்தனை கல்யாணத்துக்கு வாழை கட்டிய தூணோ என்று நினைத்து எனக்கு மனசு கனத்துப் போனது.

விலைக்கு வருவோம். நான் 540 ரூபாய்க்கு எடுத்த மாதிரியான கூஜா அங்கே 1,600 சொன்னார்கள். அது அநியாய விலை என்று சொல்லமாட்டேன். அவர்கள் நசுங்கலை எடுத்து, தேய்த்து, பத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும்படி வரிசையாக வைத்திருக்கிறார்கள். காயலான் கடையில் குனிந்து நின்று குப்பையைக் கிளற நேரமோ உடம்போ இல்லாதவர்கள் அந்த விலையைக் கொடுக்கலாம். நட்சத்திர ஓட்டல்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வாங்கும் தெரு என்பதால் பெரிய சாமான் எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டினாலும் குட்டி யானை ஒரு நடைக்கு 4,000 கேட்கிறது. சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் கதை வேறு. நிலைக்கதவும் தூணும் வாங்க அவர்கள் போக வேண்டிய தெரு இதுதான். கதவு கதவாகவே நிற்கும், வண்டிச் செலவும் அந்தத் தொகையில் பெரிதாகத் தெரியாது.

காயலான் கடைக்கு ஒருபோதும் வராத சில சாமான்களுக்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் காரைக்குடி போக வேண்டும்: பூப்போட்ட எனாமல் தட்டு, கண்ணாடி ஓவியம், சட்டம் போட்ட பழைய காலண்டர் படம். கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீட்டுக்கு வீடு போனவை. தென்பாண்டிச் சீமையில் எங்கள் வயதுக்காரர்கள் சாமியை மனசில் நினைத்தால் அந்த முகம்தான் வரும். மூலையில் அவர் கையெழுத்தோடு ஒரு முருகன் படம் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. அங்கங்கே பழுப்பு ஏறியிருந்தாலும் மயிலின் கழுத்து நீலம் அப்படியே இருக்கிறது. படம் வாங்கும்போது சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பின்னால் புது பிளைவுட்டும் பளபளக்கும் ஆணியும் இருந்தால், முன்னால் உள்ளதும் பழசுதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. போய்வந்த எங்கள் இருவருக்கும் பஸ், சாப்பாடு 600. படம் வந்து நின்ற விலை 1,500.

பழைய சாமி சிலை, கல் சிற்பம் மட்டும் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளுக்கு 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி பதிவு வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும். அதைவிட, எந்தக் கோயிலிலிருந்து வந்ததோ என்ற எண்ணத்தோடு ஒரு சிலையை வீட்டில் வைத்திருக்க நமக்கு முடியுமா? அம்மா இன்னொன்றும் சொன்னாள்: "எதை வேணா பழசு வாங்கு, குத்துவிளக்கு மட்டும் வேணாம். அது ஒரு வீட்டுல ஏத்தினது." அது எனக்கும் சரி என்றே பட்டது.

செல்போன் விளம்பரம்

அவசரமாகச் சாமான் வேண்டியவர்களுக்கு இதுதான் வழி. ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் மே, ஜூன் மாதங்களில் பாருங்கள். பள்ளி விடுமுறையில் மாற்றலாகிப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும், அதனால் நியாயமாகக் கொடுப்பார்கள். இரும்பு பீரோவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அடித்தகட்டில் துரு இருக்கிறதா, பூட்டுக்குச் சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நான் எல்லிஸ் நகரில் ஒரு குடும்பத்திடம் இரண்டு பிரம்பு நாற்காலி 1,500-க்கு எடுத்தேன். ஆட்டோ 400, கிழிந்த பின்னலை மாற்ற 1,400. ஆக 3,300. உட்காரும் இடம் புதுப்பின்னல், கைப்பிடி மட்டும் பழைய வழவழப்பு.

பின்னலிலும் மூட்டிலும் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏற்றினேன். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் மிச்சம் பிடித்த காசெல்லாம் மருந்துக்குப் போகும். இந்தக் காரணத்துக்காகவே பழைய மெத்தையும் துணி சோபாவும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பழைய சீலிங் ஃபேனும் வேண்டாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் 75 வாட் வரை இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாரில் ஓடுகிறது. மதுரை வெயிலில் ஃபேன் நிற்பதே இல்லையே. இன்னொரு எச்சரிக்கை: பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் விற்கும்போது யாராவது "பணம் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை.

திரைச்சீலை

இதற்கு எந்தக் கடைக்கும் போகவில்லை. அம்மாவின் இரண்டு பழைய சுங்குடிப் புடவைகள். எத்தனையோ சலவை பார்த்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஐந்தரை மீட்டர் புடவையில் ஏழடிக் கதவுக்கு மடிப்போடு இரண்டு துண்டு, மிச்சம் ஒரு மீட்டரில் இரண்டு தலையணை உறை. இன்னொரு புடவையில் ஜன்னலுக்கு மூன்று துண்டு. புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்கடைகளில் ஒன்றில் கொடுத்து, தையல் கூலியும் வளையமும் 400 ஆயிற்று. மேற்கு வெயிலில் அரக்கு வெளிறிவிடும் என்று பின்பக்கம் ஒரு பழைய இரட்டை வேட்டியைச் சேர்த்துத் தைக்கச் சொன்னேன். சாயங்காலம் வெயில் வேட்டியில் வடிகட்டி வரும்போது புள்ளி ஒவ்வொன்றும் வெளிச்சமாகத் தெரிகிறது. கூடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம் அது.

கணக்கு: பரண் 630, அலமாரி 5,500, நாற்காலி 3,300, காயலான் கடை 1,110, காரைக்குடி 1,500, திரை 400. மொத்தம் 12,440.

நேரம் இருந்து காசு குறைவாக இருந்தால் பரண், காயலான் கடை, கிடங்கு என்று இந்த வரிசையில் போகலாம். விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வந்து ஒரே வாரத்தில் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டியவர்களுக்கு விளம்பரமும் காரைக்குடியும்தான் தோது, கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். கையில் ஆசாரி இல்லாமல் கிடங்குக்கு மட்டும் போகாதீர்கள். முதலில் ஆசாரியைப் பிடியுங்கள், முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அரை நாள் கூலி கேட்பார், அந்தக் காசு ஒரு நல்ல பலகையிலேயே திரும்பி வந்துவிடும்.

கூடத்தில் இன்னும் ஒன்று பாக்கி. வாசல் பக்கம் முகம் பார்க்க ஒரு கண்ணாடி. கம்பி போன பழைய ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தரையிலேயே சாய்த்து வைக்க ஆசை. மேலூர்ப் பக்கம் ஒரு ஓட்டு வீடு இடிக்கப் போகிறார்களாம், ஜன்னல் வந்தால் போன் பண்ணுகிறேன் என்று கிடங்குக்காரர் சொல்லியிருக்கிறார். மிச்சம் 2,560 ரூபாயை அலமாரியின் மேல்தட்டில் அந்த அரைப்படிக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.